ஜாடிக்குள் கட்டி வைத்த இடி

"என்னைக்காவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சொல்ல வந்ததை முழுசாச் சொல்ல விட்டிருக்கியா நீ?"

விறகுவெட்டி மருதன் தன் பெண்டாட்டி மிளகியிடம் கேட்டது இதுதான். ஒரு எழுத்து கூட்டவில்லை, ஒரு எழுத்து குறைக்கவில்லை. இந்த வரி பின்னால் வேண்டியிருக்கும், அதனால் இப்போதே காதில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் வந்து "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று என்னைப் பிடுங்கக் கூடாது.

"விட்டதே இல்லைன்னு சொல்லப் போறீங்க, அதானே?" என்றாள் மிளகி.

பார்த்தீர்களா? அவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"உப்பு வாங்கிட்டு வாங்கன்னு மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் தலையாட்டினீங்க. இப்போ வெறுங்கையை வீசிக்கிட்டு வந்து நிக்கறீங்க. குழம்புல எதைப் போடறது, உங்க சிரிப்பையா?"

மருதன் அதற்கும் தலையாட்டினான். அதற்கும் சிரித்தான். எந்தப் பெண்ணுக்குத்தான் எரியாது?

இது இன்று நேற்று நடந்த கதை இல்லை. நிலா இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த காலம். மிருகங்களுக்குப் பேச்சு இருந்தும், பேச ஆள் கிடைக்காத காலம். ஏழு மலை தாண்டி, ஏழாவது மலைக்கும் அந்தப் பக்கம், வெண்குவடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ஊர்ச் சண்டை இது. இந்தச் சண்டையில் இருவருமே கத்தவில்லை. முழுச் சண்டையும் குசுகுசுப்பில் நடந்தது.

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்லத்தானே வந்திருக்கிறேன், பொறுங்கள்.

வெண்குவட்டுக்கு நேர் மேலே ஒரு மலை. குளிர்காலம் வந்தால் அதன் உச்சியில் வீட்டுக் கூரை நீட்டினாற்போலப் பனிப்பாளம் தொங்கும். கீழே யாராவது குரலை உயர்த்தினால் போதும், மொத்தமாக இறங்கி வந்து ஊரை அமுக்கிவிடும். அதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பேர் மாமியார் மலை. அந்தப் பேர் ஏன் என்று நான் விளக்க மாட்டேன், இங்கே பெரியவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே முதல் பனி விழுந்த நாளிலிருந்து கடைசிப் பனி உருகும் நாள் வரை ஊரே மூச்சுக்காற்றில் பேசும். குழந்தை அழப் போனால் வாயில் வெல்லக்கட்டி. ராஜா நித்திராவர்மன் "யாரங்கே!" என்று சிம்மாசனத்திலிருந்து குசுகுசுப்பார், அங்கே ஒருத்தரும் வர மாட்டார்கள், அவர் பாட்டுக்குத் தூங்கிப் போவார். யாராவது மறந்து சத்தமாகப் பேசிவிட்டால், சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் உதட்டில் விரலை வைத்து "உஷ்ஷ்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் மிஸ் வந்ததும் வைப்போமே, அதே மாதிரி.

அப்படியென்றால் சண்டை வந்தால்? வரத்தானே செய்யும், ஒரே அடுப்பைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால்?

அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்கு வீடு ஊறுகாய் ஜாடிகள் அடுக்கி வைத்திருப்பார்கள். கோபம் வந்தவர் ஒரு ஜாடியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், சொல்ல வேண்டியதை எல்லாம் அதன் வாய்க்குள் சொல்லி, துணி போட்டு இறுக்கிக் கட்டிவிடுவார். வசந்தம் வந்து பனி உருகியதும் ஜாடித் திருவிழா. ஊர் முழுக்கத் திடலில் கூடும். யார் மேல் கோபமோ அவர் முன்னால் ஜாடியைத் திறக்க வேண்டும். அவர் கடைசி வரை கேட்க வேண்டும், பிறகு பதில் சொல்ல வேண்டும். "என் கோழியை ஏன் அடிச்சே?" என்று ஜாடி கத்தும். "அது உன் கோழியா? என் கோழின்னு நினைச்சு அடிச்சேன்!" என்று பதில் வரும். பாதிச் சண்டை சிரிப்பில் முடியும், மீதிச் சண்டை உண்மையிலேயே முடியும்.

நல்ல வழக்கம்தான். நல்லதாக ஒன்று இருந்தால் அதைக் கெடுக்க ஒருத்தன் வருவானே? வந்தான்.

அவன் பேர் சாந்தகேது. மந்திரவாதி. கன்னங்கரிய கவரிமா, அதாவது சடைமயிர் தொங்கும் மலைமாடு ஒன்றின் மேல் ஏறி வந்தான். குரல் இருக்கிறதே, சூடு காட்டிய எண்ணெய் மாதிரி வழுக்கும்.

"மகாராஜா, இந்தத் திருவிழா இரைச்சல் எதற்கு? ஜாடிகளை என்னிடம் கொடுத்துவிடுங்கள். மலையுச்சிக் குகையில் வைத்து மந்திரத்தால் கரைத்துவிடுகிறேன். தங்கள் உறக்கம் கெடாது," என்றான்.

உறக்கம் என்ற சொல்லைக் கேட்டதுமே ராஜாவுக்குக் கண் சொருகியது. "அப்படியே ஆகட்டும்," என்று கொட்டாவி விட்டார். ராஜ்யம் போனது அந்தக் கொட்டாவியில்தான்.

அந்த வருடம் கவரிமா வீடு வீடாக வந்து ஜாடிகளைச் சுமந்துகொண்டு போனது. அடுத்த வருடமும் போனது. அதற்கடுத்த வருடமும் போனது. திருவிழாத் திடலில் புல் முளைத்தது. ஊரில் ஒரே அமைதி. எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவரைப் பார்த்து ஒருவர் புன்னகைத்தார்கள்.

ஊறுகாய் போட்ட அனுபவம் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜாடியைக் கட்டி வைத்தோம், வேலை முடிந்தது என்று விட முடியுமா? திறக்க வேண்டும், கிளற வேண்டும், வெயிலில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே புளித்துப் பொங்கி, ஒரு நாள் மூடியைத் தூக்கி எறியும். காய்க்கே இப்படி என்றால் கோபத்துக்கு?

இப்போது நம் சண்டைக்கு வருவோம். மருதன் பரணிலிருந்து ஒரு ஜாடியை எடுத்தான். மூலைக்குப் போனான். என்னவோ சொன்னான், நீளமாகச் சொன்னான். மிளகியின் பழைய பச்சைப் புடவையிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கட்டி, வாசலில் கொண்டுபோய் வைத்தான். இது மூன்றாவது வருடம், மூன்றாவது ஜாடி.

"புடவை என்ன உங்க அப்பா வாங்கித் தந்ததா?" என்றாள் மிளகி அவன் முதுகைப் பார்த்து.

அவன் திரும்பவே இல்லை. கவரிமா வந்தது, ஜாடி போனது.

சில நாள் கழித்து ஒரு பகல் நேரம். பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கதவுகூடத் தெரியவில்லை. மிளகி வாசலில் நின்று முறத்தால் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பளீர்!

வானம், மலை, தெரு, கொட்டுகிற ஒவ்வொரு பனித்துளி, எல்லாம் ஒரே கணத்தில் ஊதா நிறமாகிவிட்டது. மிளகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முறம் கையிலிருந்து நழுவியது. மழைக்காலத்தில் மின்னும், எல்லாருக்கும் தெரியும். பனி கொட்டும்போது மின்னுமா? வெண்குவட்டில் ஒருத்தரும் அதைக் கண்டதில்லை, கேட்டதுமில்லை.

பிறகு இடித்தது.

மழைக்கால இடி போல வானத்தைக் கிழிக்கவில்லை. பஞ்சு மூட்டைக்குள் முரசை வைத்து அடித்தது போல, அமுங்கி, அடிவயிற்றில் போய் இடித்தது. பனி பாதிச் சத்தத்தைத் தின்றுவிட்டது. மாமியார் மலைகூட அசையவில்லை. ஆனால் அந்த இடியில் ஒரு குரல் இருந்தது! மனிதக் குரல்!

தெருவில் எல்லாரும் வெளியே ஓடி வந்தார்கள். வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்யக்கூடிய காரியம். குளிர்காலத்தில் யாரோ சத்தம் போடுகிறார்கள் அல்லவா? வானத்தைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்து, "உஷ்ஷ்" என்றார்கள். இடியைப் பார்த்து உஷ்! வளர்த்த வளர்ப்பு அப்படி.

பளீர் என்று இரண்டாம் மின்னல் அடித்தது. உஷ் என்ற ஒவ்வொருவர் மேலும் அது பாய்ந்தது. தாடிக்காரத் தச்சர், பால்காரி, அவள் இடுப்பிலிருந்த குழந்தை, எல்லாரும் நின்ற இடத்தில் வெள்ளையானார்கள். விரல் உதட்டில் இருந்தது, கண் திறந்திருந்தது, உடம்பெல்லாம் பனி. மனிதர்களைப் பனிப்பொம்மை ஆக்கியதைக் கேட்டிருக்கிறீர்களா? மிளகி கண்ணால் பார்த்தாள்.

அவள் ஒருத்திதான் உஷ் என்று சொல்லவில்லை. உஷ் என்பது அவள் வாயில் வராத சொல்.

"யாருடா அது?" என்று கத்தினாள், தொண்டை கிழிய. மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்த பனி தடதடவென்று சரிந்தது. நல்லவேளை, கொட்டுகிற பனி மீதிச் சத்தத்தைத் தின்றுவிட்டது, மலை அசையவில்லை. "தைரியம் இருந்தா முகத்துக்கு நேரே வந்து பேசு!"

அப்போதுதான் மருதன் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தான். வானத்தை அவன் பார்க்கவில்லை. கத்துகிற மிளகியைப் பார்த்தான், மேலே தொங்குகிற மலையைப் பார்த்தான். பதறிப்போய், விரலை நீட்டி அவள் உதட்டின் மேல் வைத்தான்.

பளீர்!

உதட்டில் பட்டிருந்த விரல் சில்லென்று ஆவதை மிளகி உணர்ந்தாள். அவள் பின்னால் நகர்ந்த பிறகும் அந்தக் கை நீட்டியபடியே நின்றது. அவன் கண் இமையில் பனி உட்கார்ந்திருந்தது. அது உருகவில்லை.

"ஏங்க," என்றாள். "ஏங்க, விளையாடாதீங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு அடுத்த வரி வரவில்லை.

சலங்கைச் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து சாந்தகேது கவரிமா மேல் வந்தான். பொம்மைகளைப் பார்த்துக்கொண்டே, துணிக்கடையில் புடவை பார்ப்பவன் மாதிரி, தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து ரசித்துக்கொண்டே வந்தான்.

"எதிர்த்துப் பேசாத குடிமக்கள்!" என்றான். "எத்தனை நாட்டில் தேடினேன்! நீ மட்டும் ஏனம்மா மிச்சம்? விரலை உதட்டில் வை, கணவனோடு நிம்மதியாக நின்றுவிடலாம்."

"உன் விரலை நீ வச்சுக்கோ. அவரைப் பழையபடி ஆக்குடா."

"ஆக வேண்டியது தானாக ஆகும். இந்தப் பனிப்புயல் நிற்கும். வெயில் வரும். பனி உருகி ஓடுவது இயற்கைதானே?" என்று சிரித்தான். கவரிமாவை அரண்மனை வாசலில் கட்டிவிட்டு, சிம்மாசனத்தில் உட்கார உள்ளே போனான். ராஜா ஜன்னலோரம் விரலும் உதடுமாக வெள்ளையாக நின்றிருந்தார்.

மிளகி கணவனைப் பார்த்தாள். மேகத்தைப் பார்த்தாள். கிழக்கே ஓர் ஓரம் ஏற்கெனவே வெளுக்கத் தொடங்கியிருந்தது. அழ நேரம் இல்லை. உள்ளே போய் உப்புப் பானையின் அடியைச் சுரண்டி, கடைசிப் பிடி உப்பை எடுத்துக்கொண்டு கவரிமாவிடம் ஓடினாள். மாடு கன்று வளர்த்தவளுக்குத் தெரியாதா எதைக் கொடுத்தால் எது தலையைத் திருப்பும் என்று?

கவரிமா உப்பை நக்கியது. உள்ளங்கை முழுக்க நக்கி முடித்தது. பிறகு பேசியது.

"மூணு வருஷமா சுமக்கறேன் அம்மணி. ஏன்னு கேட்க ஒரு நாதி இல்லை."

மிளகி பயந்திருக்க வேண்டும். அன்றைக்கு அவளிடம் மிச்சம் இருந்த பயம் எல்லாம் மருதனுக்கே செலவாகிவிட்டது. "பேசுவியா நீ? அப்போ சீக்கிரம் சொல்லு. இதெல்லாம் என்ன?"

"எல்லாம் உங்க ஜாடிங்கதான். அந்த ஆளு ஒண்ணைக்கூடக் கரைக்கல. குகையில அடுக்கி வச்சிருக்கான். உள்ளேயே கிடந்து பொங்கிப் போச்சு. மூடி பிய்ச்சுக்கிட்டா முதல்ல கோபம் வெளிய வரும், அதான் மின்னல். அப்புறம்தான் சொல்லு வரும், அதான் இடி. யார் அடுத்தவர் வாயை அடைச்சாலும், அடைச்சவங்க மேல பாயும்படி மந்திரம் போட்டிருக்கான்."

"மீட்க வழி?"

"யார் பொம்மையா நிக்கறாங்களோ அவங்க ஜாடியைத் திறந்து, சொன்னதை முழுசாக் கேட்கணும். கேட்டுட்டுப் பதில் சொல்லணும். நடுவுல வாயைத் திறந்தா ஜாடி பனியாக் கொட்டிடும். அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா? ஏறு மேலே!" என்று அதன் முதுகில் தாவி உட்கார்ந்தாள் மிளகி.

கவரிமா அவளை ஒரு பார்வை பார்த்தது. அது மூன்று வருடமாக அவள் வீட்டு வாசலில் நின்று ஜாடி எடுத்துப் போன கவரிமா. ஒன்றும் சொல்லாமல் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடியது.

குகைக்குள் அடி எடுத்து வைத்ததும் மிளகி அண்ணாந்து பார்த்தாள். தரையிலிருந்து கூரை வரை ஜாடிகள். எல்லாம் கொதிக்கிற பானை மாதிரி கடகடவென்று ஆடுகின்றன. துணிகள் உப்பிப் புடைத்திருக்கின்றன. ஊரே சிரித்த மூன்று வருடம், அத்தனையும் இங்கே கிடக்கிறது! இதில் மருதனுடையதை எங்கே தேடுவது?

எங்கே தேடுவதா? தன் புடவை தனக்குத் தெரியாதா? பச்சை நிறம், மாங்காய்க் கரை. ஒரு மூலையில் மூன்று ஜாடி, மூன்றிலும் பச்சைத் துணி.

முதல் ஜாடியை அவிழ்த்தாள். பளீரென்று வெளிச்சம் அவளைக் கடந்து போனது. பிறகு மருதன் குரல் குமுறியது.

"என்னைக்காவது ஒரு நாள், ஒரே ஒரு நாள்..."

"ஐயோ, இதே பல்லவிதானா? வீட்டுக்கு வாங்க, உட்கார்ந்து பேசிக்க..."

குரல் அறுந்தது. ஜாடி அவள் கையிலேயே பனியாகக் கொட்டியது.

"ஒண்ணு போச்சு," என்றது கவரிமா.

"தெரியுது!"

இரண்டாவதை அவிழ்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்னைக்காவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சொல்ல வந்ததை முழுசாச் சொல்ல விட்டிருக்கியா நீ? அந்தப் பெரிய தேவதாரு சாயும்போது..."

"மரம் சாயும்போதா? அடி பட்டுச்சா? எங்கே? ஏன் என்கிட்ட சொல்லவே இல்..."

ஜாடி பனியாகக் கொட்டியது. மிளகி வாயில் அடித்துக்கொண்டாள். நேரம் கடந்த அடி.

"ரெண்டு போச்சு," என்றது கவரிமா. "அம்மணி, உங்க வாய் மேல நான் வேணும்னா ஏறி நிக்கட்டுமா?"

அவள் திட்டவில்லை. குகை வாசலில் பனி மெலிந்துகொண்டிருந்தது. கீழே பள்ளத்தாக்கின் ஒரு விளிம்பில் மஞ்சள் வெயில் விழுந்துவிட்டது. அது நகர்ந்து தன் வீட்டு வாசலுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? இருப்பது ஒரே ஒரு ஜாடி.

முந்தானையைச் சுருட்டினாள். வாய்க்குள் திணித்தாள். இன்னும் திணித்தாள், கண்ணில் நீர் வரும் வரை. பிறகு மூன்றாவது ஜாடியை அவிழ்த்தாள்.

பளீர்.

"என்னைக்காவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சொல்ல வந்ததை முழுசாச் சொல்ல விட்டிருக்கியா நீ? அந்தப் பெரிய தேவதாரு சாயும்போது கிளை வந்து என் இடது காதுல அடிச்சுது. மூணு வருஷம் ஆச்சு. அன்னையிலிருந்து அந்தக் காது கேட்கல."

குரல் நின்றது. மிளகியின் முந்தானைக்குப் பின்னால் நூறு கேள்வி முட்டியது. விழுங்கினாள்.

"வலது காது பாதிதான். வெயில் காலத்துல நீ கத்தறே, சமாளிச்சுடறேன். குளிர் வந்தா ஊரே குசுகுசுங்குது. உன் உதடு அசையுது, சத்தம் வரல. நீ என்ன கேட்டாலும் தலையாட்டறேன். நீ திட்டறியா, கொஞ்சறியான்னு தெரியாம சிரிச்சு வைக்கறேன்."

உப்பு! அவளுக்கு உப்பு ஞாபகம் வந்தது. மூன்று தடவை சொன்னது, மூன்று தடவை அவன் தலையாட்டியது. இடி இடித்தபோது அவன் வானத்தைப் பார்க்காமல் அவள் வாயை மட்டும் பார்த்தது. முகத்தில் யாரோ அறைந்தது போலிருந்தது. முந்தானையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"சொல்லிடணும்னுதான் வருவேன். நாலு வார்த்தை சொல்றதுக்குள்ள உன் உதடு அசைய ஆரம்பிச்சுடும். நான் சொன்னது உனக்குக் கேட்டுதான்னும் எனக்குத் தெரியாது. குளிர்காலம் வந்தா இந்த வீட்டுல நான் தனியா இருக்கேன் மிளகி. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றான். அவள் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஏதாவது இருக்குமோ என்று காத்திருந்தாள். ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் முந்தானையை எடுத்தாள்.

"கேட்டுது," என்றாள். "முழுசாக் கேட்டுது. தப்பு என்னுதுங்க. இனிமே வலது பக்கமா வந்து, முகத்துக்கு நேரே நின்னு பேசறேன். புரியலன்னா கையைக் காட்டுங்க. மறுபடி சொல்றேன். மறுபடியும் புரியலன்னா மறுபடியும் சொல்றேன்."

ஜாடி உடையவில்லை. இறக்கி வைத்த சோற்றுப் பானை மாதிரி கதகதவென்று சூடானது.

கவரிமா காதை விடைத்தது. "கீழே யாரோ தும்மறாங்க."

மிளகி குகை வாசலுக்கு ஓடினாள். வெகு கீழே, வெயில் தொட்ட தெருவில், நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் ஒருத்தன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரம்தான், கவரிமா இருமியது.

"அம்மணி, மத்தவங்க?"

மற்றவர்கள்! வெயில் யாருக்காகக் காத்திருக்கும்? மிளகி அடுத்த ஜாடியை அவிழ்த்தாள். பால்காரியின் ஜாடி. முந்தானை வாய்க்குள் போனது, கேட்டாள், பதில் சொன்னாள், கீழே பால்காரி தும்மினாள். மருதன் மூச்சிரைக்க மலையேறி வந்தான். ஒரு ஜாடியை எடுத்து வலது காதோடு ஒட்டி வைத்துக்கொண்டான், தச்சர் தும்மினார். தும்மியவர்கள் எல்லாம் ஏறி வந்து ஆளுக்கொரு ஜாடியோடு உட்கார்ந்தார்கள். அந்த மலையில் அப்படி ஒரு காட்சி அதற்கு முன்னால் இல்லை. ஊரே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு அடுத்தவர் குறையைக் கேட்டது! கேட்டவர்கள் அதிர்ந்து போனார்கள். தினமும் முகம் பார்த்தவர்கள்தான், ஆனால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

தங்கத் துணி கட்டிய ஜாடியை அரண்மனைச் சமையல்காரி திறந்தாள். "எல்லாரும் மகாராஜா மகாராஜான்னு கும்பிடறாங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்க ஒருத்தர் இல்லை. அதனாலதான் தூங்கிடறேன்," என்றது ஜாடி. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "நான் கேட்கறேன் மகாராஜா, இன்னைக்கு ராத்திரியிலேர்ந்து," என்றாள். ஜன்னலோரம் ஒரு ராஜ தும்மல் கேட்டது.

சிம்மாசனத்தில் இருந்த சாந்தகேதுவின் காதில் அது விழுந்தது. திடுக்கிட்டு எழுந்தான். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தான், பால்காரி நிழலில் இறக்கி வைத்திருந்த குழந்தையைத் தவிரப் பொம்மை ஒன்றுகூட இல்லை. மந்திரக்கோலை ஊன்றிக்கொண்டு மலையேறி ஓடி வந்தான். குகையில் ஒரே ஒரு ஜாடிதான் மிச்சம் இருந்தது, பால்காரி குழந்தையின் சின்ன ஜாடி. அதைப் பிடுங்கினான், துணியைக் கிழித்தான். பளீர்!

மின்னல் குகைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. யார் மேல் பாய்வது? ஒருத்தர் விரலும் உதட்டில் இல்லை. எல்லாரும் அந்த ஜாடியைப் பார்த்து, "சொல்லு கண்ணு, சொல்லு," என்றார்கள். "எனக்கு வெல்லம் பிடிக்காது!" என்று வீறிட்டது ஜாடி. எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், பேசினார்கள், "இனிமே தர மாட்டோம்" என்றார்கள். குகைப் பாறை அத்தனை சத்தத்தையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டது, வெளியே மலை அசையவில்லை.

சாந்தகேதுவுக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. முகம் வெளிறியது. ஒரு கையால் காதைப் பொத்தினான், மறு கையின் விரலை உதட்டில் வைத்தான்.

"உஷ்ஷ்!" என்றான்.

மின்னலுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

குகை வாசலில், பனி எந்தக் காலத்திலும் உருகாத உச்சியில், வெள்ளைப் பொம்மையாக நின்றான் அவன். கீழே குழந்தை தும்மியது. ஊர் மேல் இருந்த மந்திரம் அறுந்தது. ஜாடிகள் காலியாகி அமைதியாகக் கிடந்தன.

ராஜா முழுக்கத் தூக்கம் கலைந்து, "கேள் மிளகி, என்ன வேண்டும்?" என்றார். அரண்மனை கொடுத்தால் கூட்டிப் பெருக்குவது யார் என்று யோசித்தாள் அவள். முதல் வெயில் விழும் தெற்குச் சரிவைக் கேட்டாள். ஜாடித் திருவிழாவைக் கேட்டாள். கவரிமாவுக்குத் தினம் ஓர் உப்புக்கட்டியும் முதுகில் சுமையில்லாத வாழ்வும் கேட்டாள். மூன்றும் கிடைத்தன. வெண்குவட்டில் இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. குளிர்காலத்தில் யாரோடு பேசுவதானாலும் முதலில் தோளைத் தொட்டு, முகம் திரும்பிய பிறகுதான் பேசுவார்கள். மருதன் வீட்டுக் குழம்பில் அதற்குப் பிறகு உப்பு குறைந்ததே இல்லை.

கதை முடிந்தது என்று எழுந்திருக்காதீர்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.

அந்த ஊரில் அதற்குப் பிறகும் எப்போதாவது பனி கொட்டும்போது மின்னியது. அமுங்கிய குரலில் இடித்தது. குகையில் காலியாகாத ஜாடி ஒன்றுகூட இல்லையே, அப்புறம் அது யாருடையது என்று எல்லாரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். மிளகிக்கு மட்டும் புரிந்தது. சாந்தகேது எந்த ஜாடியிலும் எதையும் சொன்னதில்லை. அவனுடையது இன்னும் அவனுக்குள்ளேயே கிடந்து பொங்குகிறது.

அவனை அப்படியே விட்டுவிட ஊருக்குச் சம்மதம்தான். மிளகிக்கு மனம் வரவில்லை. பனியில் இடி இடிக்கும் நாளில் எல்லாம் மருதனைக் கூட்டிக்கொண்டு, கவரிமா பின்னால் நடக்க, உச்சிக்குப் போவாள். பொம்மையின் தோளைத் தொடுவாள். முகத்துக்கு நேரே நிற்பாள். முந்தானையைச் சுருட்டிக் கையில் தயாராக வைத்துக்கொள்வாள்.

ஒரு வருடம் அப்படிப் போனாள். காற்று இல்லை. பனி நேராக விழுந்துகொண்டிருந்தது. அவன் விரல் உதட்டிலேயே இருந்தது.

"ஐயா, உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டாள். வெகு நேரம் நின்றாள். மறுபடியும் கேட்டாள்.

"நடுவுல பேச மாட்டேன். கடைசி வரைக்கும் கேட்கறேன். விரலை எடுத்துட்டுச் சொல்லுங்க."